ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

மஞ்சள் பெயிண்டில் அடித்த ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். எங்கள் சாயப்பட்டறையில் ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் அப்படி ஒரு வட்டம் உண்டு. அதற்குள் கறுப்பில் நம்பர் எழுதியிருக்கும். ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஏழு வரைக்கும் போகும். அடுத்தாற்போல் ஒன்பது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு மெஷின் நிற்கிறது. அதன் நெற்றியிலும் வட்டம் உண்டு, ஆனால் உள்ளே எழுத்து இல்லை. வெறும் மஞ்சள். எங்கள் சாயப் பகுதி மாஸ்டரை நினைத்தால் முதலில் எனக்கு அந்த வெறும் வட்டம்தான் கண்ணில் தெரிகிறது. பிறகுதான் அவர் முகம் வருகிறது. முகம் வந்ததும் என் கணுக்கால் இரண்டும் சுரீர் என்கின்றன. பயம் எங்கேயாவது காலில் இருக்குமா என்று கேட்பீர்கள். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, எனக்குக் காலில்தான் இருக்கிறது. வீட்டில் குளியலறை ஹீட்டரிலிருந்து சுடுதண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டால், இந்த வயதிலும் இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்கிறேன். வீட்டுக்காரி பார்த்துப் பார்த்துச் சலித்து, இப்போது எனக்குப் பச்சைத் தண்ணீர்தான் எடுத்து வைக்கிறாள்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் இருக்கிற அந்தப் பட்டறையில் நான் மெக்கானிக். ஊத்துக்குளியிலிருந்து தினமும் வண்டியில் வந்து போவேன். சாயம் போடும் மெஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆள் படுத்துத் தவழ்ந்து போகிற அளவுக்கு நீளமான எவர்சில்வர் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வட்டமான ஒரு கதவு. பின்னல் துணியைக் கயிறு மாதிரி அதற்குள் விட்டு, கதவைச் சாத்தி, சுடுதண்ணீரும் சாயமும் விட்டுச் சுற்ற விடுவார்கள். எப்போதாவது உள்ளே துணி சிக்கிக்கொள்ளும், இல்லை துணியை இழுக்கிற உருளை லொடலொடத்துப் போகும். அப்போது ஒரு ஆள் கதவு வழியாகத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். தலை உள்ளே, கால் கதவுப் பக்கம். அந்த ஆள் நான்.

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளி நல்ல மனுஷர். பொங்கல் தீபாவளிக்கு அவரே வந்து ஒவ்வொருவர் கையிலும் பலகாரம் கொடுப்பார். பயம் என்று அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: எட்டு. அவருடைய அண்ணன் பல்லடம் ரோட்டில் வண்டியில் போய் அடிபட்டு இறந்தார். அந்த வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்தால் எட்டு வந்ததாம். அதன் பிறகு எண் கணிதம் பார்க்கிற ஒருவர் ஆபீசுக்கு வந்து போக ஆரம்பித்தார். எட்டு ஆகாது, கூட்டினால் எட்டு வருகிற பதினேழும் ஆகாது, இருபத்தாறும் ஆகாது என்று சொல்லிவிட்டார். சொன்னவர் ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். எட்டாவதாக நின்ற மெஷினின் வட்டத்துக்குள் எழுதியிருந்ததை மறுநாளே சுரண்டி மஞ்சள் பூசினார்கள். வாயாலும் சொல்லக்கூடாது. ஆபீசில் தேதி கேட்டால்கூட, "ஏழுக்கு அடுத்ததுங்க" என்று பயந்து பயந்து சொல்லும் அளவுக்குப் போனது.

ஆனால் மெஷின் மெஷின்தானே. துணி ஏற்ற வேண்டும், தண்ணீர் விட வேண்டும், ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டும். யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, தானாகவே அதற்கு ஒரு கூப்பிடுபெயர் வந்துவிட்டது: பேரில்லாதது. "பேரில்லாததுல கறுப்பு ஓடுதுங்க." "பேரில்லாதது ரிப்பேருங்க." எங்கள் ஷெட்டில் அதைவிடத் தெளிவான பெயர் எந்த மெஷினுக்கும் இருந்ததில்லை. மூன்று என்றால் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு இந்தியிலும் ஒரு தரம் சொல்ல வேண்டும். பேரில்லாதது என்றால் பீகார்ப் பையனுக்கும் தெரியும்.

இந்த வேடிக்கையை முதலில் கவனித்தவர் மாஸ்டர்தான். சாயப் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த விவசாயக் குடும்பம். காலேஜில் கணக்குப் படித்துவிட்டு, வாத்தியார் வேலை கிடைக்காமல் சாயத்துக்கு வந்தவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றி தொட்டுப் பார்க்கிற மாதிரி, போகிற போக்கில் மெஷின்மேல் புறங்கையை வைத்து, உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவார். மீட்டரைப் பார்த்தால் அதே சூடு காட்டும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு முன்னே பின்னே. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னைத் "தம்பி" என்பார், நான் "மாஸ்டர்" என்பேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக ஒரு தரம்கூட ஞாபகம் இல்லை.

காலை டீக்கு எல்லோரும் கேட்டுக்கு வெளியே உள்ள கடைக்குப் போவோம். மாஸ்டருக்கு டீயோடு ஏதாவது ஒரு விடுகதை வேண்டும். ஒரு நாள் இப்படி ஆரம்பித்தார். "சின்ன நம்பருக்குப் பேரும் சின்னதுங்க. ஏழுன்னா ஒரே வார்த்தை. நம்பரு பெருசாகப் பெருசாகப் பேரு நீண்டுக்கிட்டே போகும். எங்கியோ ஒரு எடத்துல, பத்து வார்த்தைக்குள்ள சொல்லவே முடியாத நம்பருங்க வந்தாகணும், இல்லீங்களா?" ஆமாம் என்றோம். "அந்த மாதிரி நம்பருங்க கூட்டத்துல ஒண்ணு எல்லாத்தையும்விடச் சின்னதா இருக்குமில்லீங்களா?" இருக்கும் என்றோம். "இப்ப நான் அதைச் சொல்றனுங்க. பத்து வார்த்தைக்குள்ள சொல்ல முடியாத நம்பருலயே சின்னது. எண்ணிப் பாருங்க, ஆறே வார்த்தை."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். ஆறுதான். பத்து வார்த்தைக்குள் சொல்ல முடியாததை ஆறு வார்த்தையில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டதால் அது இனிமேல் சொல்ல முடியாத நம்பர் இல்லை. சொல்ல முடியாத நம்பர் இல்லையென்றால் அவர் சொன்னது எதை? எனக்குத் தலை கிறுகிறுத்தது. டீக்கடைக்காரர் மட்டும், "மாஸ்டர், மொதல்ல டீயக் குடிங்க, ஆறிப் போகுது," என்றார். எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததைப் பார்த்தவர்களில் இன்னும் அந்த ஷெட்டில் இருப்பவன் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பட்டறை பெரிதானது. மூடிப்போன ஒரு யூனிட்டிலிருந்து பழைய மெஷின்களை வாங்கிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பத்து, பதினொன்று என்று ஏறிக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் ஒன்று நின்றது. அது பதினேழாவது. கூட்டினால் எட்டு. பெயிண்டர் வந்து வட்டத்தை அடித்துவிட்டு, ஆபீசில் கேட்டுவிட்டு, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். இப்போது ஷெட்டில் வெறும் வட்டம் இரண்டு.

அந்தச் சமயத்தில்தான் சுடுதண்ணீர் டேங்க்குக்கு ஒரு புது ஆள் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஷெட்டின் ஒரு கோடியில் உயரமான மேடை, அதன்மேல் டேங்க், அதற்குக் கீழே ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வால்வு என்று வரிசை. மெஷின்களில் உள்ளது போலவே வால்வுகளிலும் நம்பர், இரண்டு வால்வுகளில் நம்பர் இல்லை. எந்த மெஷினுக்குச் சுடுதண்ணீர் வேண்டுமோ அங்கிருந்து இன்டர்காமில் சொல்வார்கள், அண்ணாச்சி வால்வைத் திறப்பார். பொறுப்பான மனுஷர். எதையும் அரைகுறையாக விடமாட்டார். டீக்கடையில் அவர்தான் கேட்டார், "மாஸ்டர், கடைசியா நிக்குத அந்த மெஷினுக்கு என்ன பேரு?"

மாஸ்டருக்கு வெல்லம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "நல்லாக் கேட்டீங்க அண்ணாச்சி. பழசுக்குத்தான் பேரில்லாததுன்னு ஒரு பேரு இருக்குதே. பேரு இருக்கறதைப் பேரில்லாததுங்கறது எப்படிங்க? அப்ப நெசமாலுமே பேரில்லாதது புதுசுதானுங்க."

"அப்பம் புதுசத்தான் இனிமே அப்படிக் கூப்புடணுமா?"

"கூப்பிட்டா அதுக்குப் பேரு வந்துருமுங்களே. பழசு பேரைப் பறிகொடுத்துட்டு நிக்கும். அப்ப அதுதான் பேரில்லாதது."

"முடிவா எதுன்னு சொல்லுங்க மாஸ்டர்."

"முடிவே இல்லீங்க அண்ணாச்சி. அதுலதான் வேடிக்கையே இருக்குது."

சிரித்துவிட்டு வேலைக்குப் போனோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. முடிவில்லாமல் ஒரு விஷயத்தை விட்டுவிட்டு வால்வு முன்னால் நிற்க அவரால் முடியாது. வால்வு என்றால் திறக்க வேண்டும் அல்லது மூட வேண்டும், நடுவில் ஒன்று கிடையாது. ஆகவே அவரே மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். பெயர் இருப்பது பழசு. பெயர் இல்லாதது புதுசு. பழையதை அவர் தனக்குள் "ஏழுக்கு அடுத்தது" என்று வைத்துக்கொண்டார். கணக்குப்படி பார்த்தால் அவர் செய்தது சரி. ஷெட்டில் மற்ற எல்லோரும் பழக்கப்படி பழசையே பேரில்லாதது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். புதிய மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, பழையது ஏற்கெனவே தண்ணீர் விட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அன்று அதற்கும் யாரும் தண்ணீர் கேட்கவில்லை, ஆகவே இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

இனி சொல்லப்போவதை நிறுத்தி நிறுத்தித்தான் எனக்குச் சொல்ல வரும். எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் காலை பழைய மெஷினில், அதாவது ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் உள்ளதில், துணி சிக்கிக்கொண்டது. ஆள் உள்ளே இறங்குவதாக இருந்தால் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாஸ்டர் டேங்க்குக்குச் சொல்ல வேண்டும், அங்கே அந்த மெஷினின் வால்வில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி கட்டின வால்வை யாரும் தொடக்கூடாது. மாஸ்டர் இன்டர்காமில், "பேரில்லாததுல ஆள் எறங்குதுங்க அண்ணாச்சி, துணி கட்டிருங்க," என்றார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தூரத்து மேடையில் சிவப்பாக ஏதோ அசைவது தெரிந்தது. எந்த வால்வில் என்று அங்கிருந்து தெரியாது. சிவப்புத் தெரிந்தது, போதும். செருப்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனேன்.

அண்ணாச்சி துணி கட்டியது புதியதின் வால்வில்.

உள்ளே வேலை இழுத்துக்கொண்டே போனது. ஈரத் துணி முறுக்கேறிக் கல்லாகக் கிடந்தது. இதற்கிடையில் கடைசி மெஷினைச் சும்மா தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மாஸ்டர் அங்கே போயிருக்கிறார். இன்டர்காமைக் கையில் எடுத்தவருக்கு ஒரு தயக்கம் வந்திருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் அவரே எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். டீக்கடையில் தாம் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. பேரில்லாதது என்று சொன்னால் அண்ணாச்சி எதை நினைப்பாரோ? தப்பாகிப் போனால் தம்பி உள்ளே இருக்கிறானே. பதறிப் போய், எந்தக் குழப்பமும் வரமுடியாத ஒரு வார்த்தையைத் தேடியிருக்கிறார். கிடைத்தது. "நம்பர் போடாத அந்த ரெண்டுல, ஆள் இல்லாதது எதோ அதுக்குத் தண்ணி விடுங்க அண்ணாச்சி."

அதைவிடப் பத்திரமாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்? எதில் ஆள் இல்லையோ அதற்கு விடு. யாரும் சாக வழியே இல்லாத வாக்கியம். அண்ணாச்சி இரண்டு வால்வையும் பார்த்தார். ஒன்றில் சிவப்புத் துணி இருந்தது. இன்னொன்றைத் திறந்தார்.

குழாய்க்குள் படுத்திருந்த எனக்கு முதலில் கேட்டது 'தொம்' என்று ஒரு சத்தம். இரும்பு முழுக்க அதிர்ந்தது. வால்வு திறக்கும் சத்தம் எனக்குத் தெரியாததா? அது பக்கத்து மெஷினுக்கு என்று நினைத்தேன். மனசு அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். அப்புறம் காலடியில் ஆவி வந்தது. தண்ணீர் உள்ளே வரும் வாய் கதவுப் பக்கம் இருக்கிறது, என் கால்களும் அந்தப் பக்கம்தான். கொதி தண்ணீர் பாதத்தைத் தொட்டபோது அது சூடாகவே தெரியவில்லை. பனிக்கட்டி வைத்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியில்தான் எரிந்தது. வெளியே போக வேண்டுமானால் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். தலைப்பக்கம் வழி இல்லை, சிக்கிய துணி அடைத்துக்கிடக்கிறது. கத்த வேண்டும் என்று தெரிகிறது, வாய் திறந்திருக்கிறது, டார்ச் எப்போதோ விழுந்துவிட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. என் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். நானும் அவளைப் போல் நான்கு காலில் நிற்கிறேன் என்ற நினைப்பு வந்தது. அந்த நேரத்தில் எதற்கு அது வந்தது என்று தெரியவில்லை.

அந்தப் பக்கம் மாஸ்டர், வழக்கம்போல, கடைசி மெஷின்மேல் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். குழாயில் தண்ணீர் ஓடும் இரைச்சல் கேட்கிறது. கையில் சூடு ஏறவில்லை. இன்னும் ஏறவில்லை. தண்ணீர் எங்கேயோ போகிறது, இதற்கு வரவில்லை. அவ்வளவு கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடியதை அன்றுதான் முதலில் பார்த்ததாகப் பீகார்ப் பையன்கள் சொன்னார்கள். ஓடிக்கொண்டே மேடையைப் பார்த்து வால்வை மூடச் சொல்லிக் கையை ஆட்டியிருக்கிறார். கதவில் தலையை விட்டு, "உள்ள ஆருங்க?" என்று கத்தினார்.

எனக்குக் கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை.

"ஒரு சத்தமுமில்லைங்க தம்பி," என்று பின்னால் சொன்னார். "ஆவிதான் வருது. நீங்க முன்னாலயே வெளிய வந்துட்டீங்களோன்னு ஒரு நெனப்பு. நல்ல நெனப்புதானுங்களே அது? அதை நம்பி அப்பிடியே வால்வுப் பக்கம் திரும்பிட்டனுங்க. பாதி திரும்பிட்டேன்." இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் நிறுத்திவிடுவார். பாதி திரும்பினவர் ஏன் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கையையும் அந்தத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். என் கணுக்கால்கள் கிடைத்தன. இழுத்தார். சிமெண்ட் தரையில் மல்லாக்க விழுந்த என் முகத்துக்கு மேல் அவர் முகம் இருந்தது. எப்போதும் தம்பி என்கிறவர், "கண்ணு, கண்ணு, கண்ணு," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பாதம் தொட்டுக் கணுக்கால் வரைக்கும் தோல் போயிற்று. அவருக்கு விரலிலிருந்து மணிக்கட்டுக்கு மேல் வரைக்கும். ஆஸ்பத்திரியில் எனக்குக் காலில் கட்டு, அவருக்குக் கையில் கட்டு. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுக்காரி ஊட்டிவிட்ட இட்லியைச் சின்னப் பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி வந்து வாசலிலேயே நின்றார். "நான் சரியாத்தானே செஞ்சேன் மாஸ்டர்? துணி இல்லாததத்தானே தெறந்தேன்?" என்று கேட்டு, கேட்டுக்கொண்டே அழுதுவிட்டார். மாஸ்டர் அவரைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மெதுவாக, "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க அண்ணாச்சி. நானும் சரியாத்தான் சொன்னேன். தம்பியும் சரியான மெஷின்லதான் எறங்குச்சு," என்றார். பிறகு, "ஒருத்தர் தப்புப் பண்ணீருந்தா அவரைத் திருத்திக்கலாமுங்க. ஆரும் தப்புப் பண்ணல. எனக்கு அதுதானுங்க பயமா இருக்குது," என்றார்.

அடுத்த நாள் முதலாளி வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஷெட்டில் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு நேராக வந்திருக்கிறார், விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. மாஸ்டர் எழுந்து நின்று, கட்டுப் போட்ட கைகளைக் கூப்ப முடியாமல் தூக்கிக்கொண்டு, "ரெண்டு மெஷினுக்கும் நம்பரைப் போட்டுருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறனுங்க," என்றார்.

முதலாளி தலையை ஆட்டினார். "மாஸ்டர், நம்பர் போடாமயே அது இப்பிடிப் பண்ணிப்போட்டுது பாத்தீங்களா? பேரைச் சொல்லாம, எழுதாம, இத்தனை காலம் ஒதுக்கி வெச்சும் ஆளைத் தின்னப் பாத்துருச்சு. எழுதியிருந்தா என்னாயிருக்கும்?"

நம்பர் போடாததால் நடந்தது என்கிறார் இவர். எட்டு என்பதால் நடந்தது என்கிறார் அவர். நடந்தது என்னவோ ஒன்றுதான். கட்டிலில் கிடந்த எனக்கு, மாஸ்டர் சொல்வதுதான் சரி என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், முதலாளி சொன்னபோது அதையும் நம்பிவிட்டேன். இன்றைக்கும் பஸ்ஸில் எட்டாம் நம்பர் சீட் கிடைத்தால் நின்றுகொண்டே போவேன். படித்த என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும், அவள் குழாய்க்குள் போனவள் இல்லை.

வட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. மாஸ்டர் வேலையை விட்டுப் போய்விடுவார் என்று எல்லோரும் பேசினார்கள். போகவில்லை. "நான் போயிட்டா அந்த ரெண்டையும் ஆரு பாப்பாங்க?" என்றார். ஆனால் அவர் பழைய ஆள் இல்லை. விடுகதை நின்றுபோனது. டீக்கடையில் பக்கத்து ஆளைக் காட்டி "இவருக்குக் குடுத்த மாதிரியே" என்றுகூடச் சொல்லமாட்டார். அரைச் சர்க்கரை, டிகாஷன் தூக்கலாக என்று முழுதாகச் சொல்லுவார், சொல்லிவிட்டுக் கடைக்காரர் போடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வார்த்தை ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமும் போய்விடும் என்ற திகில் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு மெஷினைப் பற்றி இன்டர்காமில் பேசுவதையே நிறுத்திவிட்டார். அண்ணாச்சியை மேடையிலிருந்து இறங்கி வரச் சொல்லி, மெஷின் வரைக்கும் கூட்டிப்போய், மஞ்சள் வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, "இது," என்பார். பிறகு இருவருமாக மேடைக்கு நடந்துபோய், வால்வின்மேல் கையை வைத்து, "இது," என்பார். வேறு பெயர் எதையும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. பையன்கள் முதுகுக்குப் பின்னால் "இது மாஸ்டர்" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் செய்தார். தண்ணீர் விடும் முன்பு கதவில் தலையை விட்டுக் குரல் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. "அன்னிக்கு நீங்க உள்ள இருந்தீங்க, பேசல. பேசாததை வெச்சு ஆளில்லைன்னு நான் நெனச்சேன். சத்தமில்லைங்கறது பதில் இல்லீங்க தம்பி," என்பார். ஆகவே அவரே கதவு வழியாகத் தவழ்ந்து கடைசிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்படிப் போகும்போது நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்க வேண்டும். "விட்டுராதீங்க," என்பார். அந்தப் பெரிய பாதம் என் கைக்குள் நடுங்கும். அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் உள்ளே போனார். யாராவது போகச் சொன்னார்களா? இல்லை. அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் மாஸ்டர் காலமாகிவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பொங்கலூர்த் தோட்டத்து வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்த கைகளில், வெந்து ஆறின தோல் மட்டும் வழுவழுவென்று மின்னியது. எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. சூடு ஏறவில்லையே என்று ஒரு கணம், பைத்தியக்காரன் மாதிரி, காத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது பட்டறையை முதலாளியின் மகன் பார்த்துக்கொள்கிறார். வெளியூரில் படித்த பிள்ளை, கம்ப்யூட்டர் எல்லாம் வைத்துவிட்டார். கண்ணாடித் திரையைத் தொட்டால் வால்வு திறக்கும். திரையில் மெஷின்கள் வரிசையாகத் தெரிகின்றன: ஆறு, ஏழு, ஒன்பது. நடுவில் ஒரு வெறும் கட்டம். பதினாறுக்கும், பின்னால் வாங்கிய பதினெட்டுக்கும் நடுவில் இன்னொரு வெறும் கட்டம். "அப்பா இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமுங்க," என்கிறார் அந்தப் பிள்ளை. அண்ணாச்சி ஊருக்குப் போய் நாளாகிவிட்டது. திரைக்கு முன்னால் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்று வெறும் கட்டத்தைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு பையா?" என்று கேட்டாள், அவர்கள் பேச்சில் பையா என்றால் அண்ணன். எழுந்து வரச் சொன்னேன்.

அவளை அந்த மெஷினுக்குக் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றினேன். என் கணுக்காலைக் காட்டி, இதைப் பிடித்துக்கொள், என்ன ஆனாலும் விடாதே என்றேன். என் தழும்பைப் பார்த்ததும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. "பிடிச்சாச்சு பையா, நீங்க போங்க," என்றாள். உள்ளே தவழ்ந்தேன். அதே இரும்பு, அதே ஈர வாடை. கடைசிவரைக்கும் டார்ச் அடித்துப் பார்த்தேன். "உள்ள ஆருங்க?" என்று கேட்டேன், என் குரலே திரும்பி வந்தது. உள்ளே யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. உள்ளேதான் நான் இருக்கிறேனே. யாருமில்லை என்று பார்க்கப் போகிறவன் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அது பொய். வெளியே வந்தால் அது மெய்யாகிவிடும், ஆனால் அப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில், இந்த இருட்டில், இதைத்தான் நினைத்து நடுங்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீக்கடை விடுகதையை அவர் விட்டுவிட்டார், அது அவரை விடவில்லை.

"பையா?" என்றாள் அவள் வெளியிலிருந்து. கணுக்காலில் அவள் பிடி இறுகியது. பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தேன். அவள் கையைப் பிடித்து, மஞ்சள் வட்டத்தின்மேல் வைத்தேன்.

"இது," என்றேன்.